பெயர்ப்பலகை இல்லாத வீட்டில் இரண்டு இரவு

தரங்கம்பாடியில் தங்க இடம் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடலைப் பார்த்த பெரிய பங்களாவில் தங்க வசதியுள்ளவர்கள் அங்கே போகலாம், அதைப் பாராட்டி எழுதப் பலர் இருக்கிறார்கள். நானும் என் மனைவியும் போன மாசியில் தங்கியது வேறு மாதிரியான இடம். நகர வாயிலுக்குள் ஒரு தெருவில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தன் வீட்டின் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். வாசலில் பலகை கிடையாது. "பலகை மாட்டினால் கண்டவர்களும் கதவைத் தட்டுவார்கள்" என்றார். ஒருவர் சொல்லி ஒருவர் வருவதுதான் ஏற்பாடு. எங்களுக்குச் சொன்னவர் கும்பகோணத்தில் என் பழைய அச்சகத்துக்குக் காகிதம் போட்ட வியாபாரி. ஆகவே நானும் பெயர் சொல்லாமல் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, தலை பிசுபிசுவென்று இருக்கும். குடிக்கக் கேன் தண்ணீர் வைக்கிறார்கள், குளிக்க இரண்டாவது வாளிக்கு நல்ல தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டும். எங்கள் அறை மின்விசிறி மூன்றாம் எண்ணில் வைத்தால் அச்சகத்தில் காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் மிஷின் போலச் சத்தம் போட்டது. எனக்கு அது தாலாட்டு. நாற்பது வருடம் அந்தச் சத்தத்தில் பிழைத்தவன் நான். என் மனைவி இரண்டு இரவும் தூங்கவில்லை. அறை கேட்பவர்களின் தேதியைக் குறித்துவைக்கும் பொறுப்பு டீச்சரின் மகனுடையது. அவர் காரைக்காலில் வேலை பார்க்கிறார். நாங்கள் வியாழக்கிழமை என்று சொன்னதை அவர் சனிக்கிழமை என்று எழுதிவைத்திருந்தார். போய் இறங்கியபோது அறையில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அரை மணி நேரத்தில் காபியும் சீடையும் வந்ததால் மன்னித்தேன்.

அறை வாடகை ஓர் இரவுக்கு 1,400 ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. கட்டில், கொசுவலை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர். தொலைக்காட்சி இல்லை. வீடு பழைய முற்றம் வைத்த வீடு. மழைக்காலத்தில் தாழ்வாரத்தில் சாரல் அடிக்குமாம், நாங்கள் போனபோது வெயில்தான் விழுந்தது. இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இந்தத் தொகைக்கு மயிலாடுதுறையில் குளிரூட்டிய அறையே கிடைக்கும்.

நான் எழுதுவது டீச்சரின் நடைக்காக. தங்குகிறவர்களை, விருப்பமிருந்தால், விடியற்காலையில் ஊரைச் சுற்றி நடத்திக் காட்டுகிறார். தலைக்கு 300 ரூபாய். முதலில் அநியாயம் என்றுதான் நினைத்தேன். ஐந்தாறு தெரு உள்ள ஊர், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடம். இதைக் காட்ட இரண்டு பேருக்கு 600 ரூபாயா? மனைவி முறைத்ததால் சரி என்றேன்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் நகர வாயிலில் ஆரம்பித்துக் கோட்டையில் முடிப்பார்கள். டீச்சர் எங்களை நேராகக் கடற்கரைக்கு, மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனார். இவர் லுத்தரன் சபைக்காரர். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். ஏன் சிவன் கோயிலில் ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஊர் இங்கேதானே சார் ஆரம்பிக்கிறது? டேனிஷ்காரன் 1620இல் வந்தான். இந்தக் கோயிலைக் குலசேகர பாண்டியன் 1306இல் கட்டினான். முந்நூறு வருடத்தை விட்டுவிட்டு நான் எப்படிக் கதை சொல்வேன்?" என்றார். அந்தக் காலத்துக் கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். தரங்கம் என்றால் அலை என்று சொல்லி அலை பாடும் ஊர் என்று இப்போது விளக்குகிறார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அலை பாடியதோடு நிற்கவில்லை. கோயிலின் முன்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது திருப்பணி செய்து நன்றாக வைத்திருக்கிறார்கள். டீச்சர் சின்னப் பெண்ணாக இருந்தபோது தண்ணீருக்குள் கிடந்த கோயில் கல்லில் ஏறி நின்று விளையாடியதற்கு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறார். எந்தக் கல் என்றும் காட்டினார். அங்கே இப்போது நுரைதான் இருந்தது.

கோயிலிலிருந்து தெற்கே கரையோடு நடந்தால் கோட்டை. டான்ஸ்போர்க். இங்கே நின்று டீச்சர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. மற்ற இடங்களில் வழிகாட்டிகள் படையெடுப்பு, பீரங்கி என்று குரலை உயர்த்துவார்கள். இவர் கடன் கணக்குப் போலச் சொன்னார். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய கப்பல்களின் தலைவன் ஓவே யெட்டே. கரையில் இறங்கியபோது அவனுக்கு வயது 25. அவனுக்கு முன்னால் வந்த கப்பல் மூழ்கிவிட்டது. மிளகு வேண்டும், இடம் வேண்டும். தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் போர்த்துக்கீசியருக்குப் போட்டியாக ஒரு வியாபாரி தேவைப்பட்டான். ஒப்பந்தம் ஆயிற்று. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. "நம் ஊர் பத்திரம் அங்கே இருக்கிறது, நிலம் இங்கே இருக்கிறது" என்றார் டீச்சர்.

225 வருடம் கழித்து, 1845இல், அந்தப் பத்திரத்தையே விற்றுவிட்டார்கள். வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனி கொடுத்த விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். அதன் பிறகு கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே தலைநகரமாகத் தரங்கம்பாடி இருந்திருக்கிறது. கலெக்டர் 1860இல் தஞ்சாவூருக்குப் போனார், அடுத்த வருடம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, சரக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசு இல்லாமல் போன ஊர் இது. நாம் இன்று போய்ப் பார்க்கிற தூண்களும் தாழ்வாரங்களும் அந்த வறுமையில் மிஞ்சியவை. சுற்றுலாக் கையேடுகளில் இதைப் போட மாட்டார்கள்.

எனக்கும் இந்த ஊரோடு ஒரு சின்னக் கணக்கு உண்டு. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் ரயில் விட்டார்கள். மீட்டர் கேஜ். சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு அதில் ஒரு தடவை வந்திருக்கிறேன். கடலைப் பார்த்தது நினைவில்லை. ஸ்டேஷனில் வாங்கிக்கொடுத்த வெள்ளரிப் பிஞ்சு நினைவிருக்கிறது. 1986இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இந்த முறை பஸ்ஸில் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வந்தோம். டீச்சரிடம் ரயிலைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவர் மாயவரத்துக்குப் படிக்கப் போனது அந்த ரயிலில்தானாம். அடுத்த கால் மணி நேரம் கோட்டையை மறந்துவிட்டு இருவரும் ரயிலைப் பற்றியே பேசினோம். மனைவி கரையில் மீன் ஏலத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

பைபர் படகுகள் வந்து சேரும் நேரம். கூடையில் சங்கரா, காரப்பொடி, கொஞ்சம் நண்டு. டீச்சர் வந்து ஒரு கூடைக்காரியிடம் ஐந்து நிமிடம் சண்டை மாதிரிப் பேசி இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வாங்கினார். இதுவும் நடையில் சேர்த்திதான். மீனவத் தெருவைக் கடந்து திரும்பும்போது ஓரிடத்தில் நின்றார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். "இந்த இடத்தை மட்டும் நான் கதையாகச் சொல்வதில்லை, சார். கேட்டால் அங்கே உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களிடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வலை சரிசெய்துகொண்டிருந்த இருவர் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் கேட்கவில்லை. பலர் இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். தொழிலுக்கு மட்டும் கரைக்கு நடந்து வருகிறார்கள். அந்த நடை தூரத்தை டீச்சர் எங்களைக் கொஞ்சம் நடக்கவைத்துக் காட்டினார். அதிலேயே புரிந்தது.

கடற்கரையில் ஓசோன் காற்று வீசுகிறது, உடம்புக்கு நல்லது என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்து வீசியது நல்ல உப்புக் காற்று. கருவாட்டு வாசனையும் இருந்தது. அதற்கும் பசிக்கும்.

ராஜ வீதிக்கு, அதாவது கிங் ஸ்ட்ரீட்டுக்கு, வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒரு பக்கம் 1701இல் திறந்த சீயோன் ஆலயம். அது டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. சற்றுத் தள்ளி 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். அது தமிழர்களுக்காக ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டியது. ஒரே தெருவில் இரண்டு ஆலயம் ஏன் என்று டீச்சர் பள்ளிக்கூடத்தில் கேட்பது போல எங்களைக் கேட்டார். என் மனைவி உடனே, "ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள்" என்றாள். டீச்சர் அவளைத் தட்டிக்கொடுத்து, "அக்கா முதல் பெஞ்ச்" என்றார். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

சீகன்பால்கு 1706 ஜூலையில் இன்னொரு மிஷனரியான புளுட்சோவுடன் வந்திறங்கினார். தெருத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். டேனிஷ் அரசரே அனுப்பிய ஆள். இருந்தாலும் உள்ளூர் டேனிஷ் கவர்னருக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான்கு மாதம் அதே கோட்டையில் சிறையில் வைத்தார். இவ்வளவும் நான் படித்ததுதான். ஆனால் டீச்சர் அந்தப் பெயரைச் சொன்ன விதத்தில் ஊருக்குள் இருந்த ஒரு மூத்த வாத்தியாரைப் பற்றிப் பேசுவது போல ஒரு பாத்தியதை இருந்தது. 36 வயதில் இறந்துவிட்டார் என்று சொல்லும்போது "பாவம்" என்றார். முந்நூறு வருடத்துக்கு முன் இறந்தவரைப் பற்றி.

இங்கேதான் எங்களுக்குள் சச்சரவு வந்தது. "தமிழில் முதன்முதலில் அச்சடித்தது இங்கேதான், சார்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். அச்செழுத்துக் கோத்த கம்போசிட்டர் வாய் சும்மா இருக்காது. 1578இல் கொல்லத்திலேயே தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது டீச்சர், இங்கே அச்சகம் வந்தது 1712இல்தான் என்றேன். ஒரு கணம் நின்றார். "அப்படியானால் இங்கே நடந்ததற்கு என்ன பெயர்?" என்று கேட்டார். அதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முற்காலத்து அச்சு விட்டுவிட்டு நடந்தது, கொஞ்சம் புத்தகம் வந்து நின்றுபோனது. இங்கே அச்சகம், எழுத்து வார்க்கும் பட்டறை, காகிதப் பட்டறை மூன்றையும் ஒன்றாக நிறுத்தித் தொடர்ந்து தொழிலாக நடத்தினார்கள். அது சின்ன விஷயமல்ல.

பிறகு நடை தலைகீழாகிவிட்டது. நான் சொல்ல, அவர் கேட்டார். லண்டனிலிருந்து அனுப்பிய அந்த அச்சு இயந்திரம் வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீட்ட பிறகு, கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்து இறங்கியது. ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. கோட்டையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை தெரிந்திருந்ததால் பிழைத்தது. அடுத்த வருடம் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. மிகப் பெரியவை. தமிழே தெரியாத கை வெட்டிய எழுத்து வேறு எப்படி இருக்கும்? அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் தீர்ந்துவிடும். ஈய எழுத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் அந்தத் திகில் புரியும். காகிதத்தின் விலையைப் பார்த்து எழுத்தின் அளவைக் குறைக்காத முதலாளியை நான் கண்டதில்லை. ஆகவே பக்கத்துப் பொறையாரில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போனார்கள்? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஃபோர்மன் இதைச் சொல்லி, "நீங்கள் எழுத்தைக் கீழே சிந்துகிறீர்களே" என்று திட்டுவார். அந்த எழுத்துகளில்தான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது.

டீச்சர் விடவில்லை. "பொறையாரில் கடுதாசிப்பட்டறை என்று ஒரு இடம் இருக்கிறது, சார். சின்ன வயதிலிருந்து அந்த வழியாகப் போகிறேன். பெயரைப் பற்றி யோசித்ததே இல்லை" என்றார். காகிதப் பட்டறை இருந்த இடம்தான் அது. அன்று மாலை மூவரும் ஆட்டோ பிடித்து அங்கே போனோம். பார்க்க ஒன்றும் இல்லை. சாதாரணத் தெரு, ஒரு டீக்கடை, இரண்டு ஆடு. நான் கொஞ்ச நேரம் நின்றேன். டீக்கடைக்காரர் நான் நிலம் வாங்க வந்தவன் என்று நினைத்து சென்ட் விலை சொன்னார். ஆட்டோவுக்கு டீச்சர் பாதிப் பணம் கொடுத்தார். வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

நடையின் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குயின் ஸ்ட்ரீட், பள்ளிவாசல் பக்கம், கடைசியில் நகர வாயில். 1792இல் கட்டிய வாயில், மேலே டேனிஷ் அரச முத்திரை. பெரிய கட்டடங்களில் எது கவர்னர் பங்களா என்று பலகையே சொல்லும். டீச்சர் சொல்வது பலகை இல்லாத வீடுகளைப் பற்றி. இந்த வீட்டில் மூன்று தலைமுறையாகத் தையல், இந்த வீட்டுப் பையன்கள் எல்லோரும் வளைகுடாவில், நோன்பு மாதத்தில் இங்கிருந்து எங்கள் வீட்டுக்குக் கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கே எங்கள் பலகாரம் போகும், இந்த வீட்டுப் பாட்டி போன வருடம் போய்ச் சேர்ந்தார், பூட்டியிருக்கிறது. வழியெல்லாம் வணக்கம் வாங்கிக்கொண்டே வந்தார். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீசை வைத்த ஒருவர் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

இந்த நடையில் ஒரு குறையும் உண்டு. இரண்டு மணி நேரம் என்றார், மூன்றரை ஆயிற்று. உட்கார இடமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலையும் கடற்கரையையும் விடியலில் பார்த்துவிட்டு, தெருக்களை மாலைக்கு ஒத்திவைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்வார். கோட்டை உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் அந்த நேரத்தில் திறந்திருக்காது. அதை நீங்களே தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு: இரவு மீன் சாப்பாடு தலைக்கு 180. முதல் நாள் சங்கரா வறுவலும் காரப்பொடிக் குழம்பும். காரப்பொடியில் முள் அதிகம், அவசரக்காரர்களுக்கு ஆகாது. மறுநாள் காலை இட்லிக்கு அந்தப் பழைய குழம்பையே சுண்டவைத்துக் கொடுத்தார். அதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதலாம், எழுதினால் மனைவி கோபித்துக்கொள்வாள். மீன் சாப்பிடாதவர்களுக்குச் சாம்பார் சுமார்தான்.

மூன்றாம் நாள் காலையில் திருச்சியிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். நாங்கள் திண்ணையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் அவர்களிடம் நடையைப் பற்றிச் சொல்வது காதில் விழுந்தது. "தமிழில் முதன்முதலில் அச்சடித்த ஊர்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர்கள் அறைக்குள் போனதும் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "இரண்டாவது என்று சொன்னால் யார் சார் முந்நூறு கொடுப்பார்கள்? நடக்கும்போது நீங்கள் சொன்னதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். சிப்பாயையும் சொல்கிறேன். டப்பாவையும் சொல்கிறேன்."

பில்லைக் கட்டம் போட்ட நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அறை 2,800, சாப்பாடு 720, நடை 600. அதற்குக் கீழே கூடுதல் காபி நான்கு என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். மொத்தம் 4,120. கூட்டல் சரியாக இருந்தது. கடுதாசிப்பட்டறை என்று தாளின் ஓரத்தில் பென்சிலில் எழுதி, பக்கத்தில் 1715 என்று போட்டிருந்தார். அந்த ஓரத்தை மட்டும் கிழித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு பில்லை என்னிடம் கொடுத்தார்.

போகிறவர்கள் நல்ல தண்ணீருக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். தேதியை மகனிடம் சொல்லாமல் டீச்சரிடமே சொல்லுங்கள். முற்றத்தைப் பார்த்த நடு அறையைக் கேளுங்கள், அங்கே மின்விசிறி புதியது.